கரையில் ஏறும் கூண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

‘குமரிக்கடலில் சூறைக்காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’ கிளம்பாதவருக்கு இந்த அறிவிப்பு போதும். ஏற்கெனவே போனவருக்கு?

2017 நவம்பர் 30 அன்று, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சில மணி நேரத்தில் குமரி அருகே ஒக்கி புயலானது. குமரி மாவட்ட மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளையின் படகுகள் பல அப்போது ஆழ்கடலில், கரையின் வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தன. கடல்நீர் 26.5 டிகிரியைத் தாண்டினாலே புயலுக்குத் தீனி. அரபிக்கடலோ ஆண்டுக்காண்டு சூடாகி வருகிறது. (மீனவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.) கரையின் எச்சரிக்கையை ஆழ்கடலிலும் பெற உதவும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்துவதில், வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகுகளுக்கே முதலிடம் தர வேண்டும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு நடுக்கடலில் யார் கண்ணுக்குத் தெரியும்?

- ஒரு வாசகர், குளச்சல்