அம்மாவின் மூக்குத்தி

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கமலா,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு மாசி மாதத்தில் பதில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டாலும் திட்டுவாய், கேட்காவிட்டாலும் திட்டுவாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி. பேரனுக்குக் காது குத்தியாயிற்றா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சந்தை முனைப் பெரியம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நீ வாங்கிப் போன இட்லிச் சட்டியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை அம்மாவை ஈப்போவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனேன். முப்பது ஆண்டுகள் அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே வாழ்ந்தவள் நான். எத்தனையோ பேரை உள்ளே படுக்க வைத்திருக்கிறேன். "அசையாமல் இருங்கள், ஒன்றும் ஆகாது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தது இதுவே முதல் முறை. அதுவும் உள்ளங்கையில் ஒரு மூக்குத்தியைப் பொத்திக்கொண்டு.

அந்த மூக்குத்தியை உனக்குத் தெரியும். அப்பா முதல் போனஸில் வாங்கிப் போட்டது. போட்ட நாளிலிருந்து கழற்றியதில்லை. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது விதி. அந்த விதியை நானே நூறு பேருக்கு ஓதியிருக்கிறேன். திருகு அசையவில்லை. அந்த மலாய்த் தாதிப் பெண் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி, "பெலான் பெலான், மக்சிக்" (மெதுவாக, அத்தை) என்று சொல்லிக்கொண்டே இருபது நிமிடம் போராடினாள். கழன்று வந்ததும் அம்மா மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், அவர் போய்விட்டாரா?" என்றார். இரண்டு மாதமாக நான் அவருக்கு டீச்சர்தான். அப்பா இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, கமலா.

இனி உன்னோடு சண்டை. உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "அம்மா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், அதற்காக அவ்வளவு பெரிய வேலையை விட்டுவிட்டு வந்தாயே." நீ அன்பில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் "சும்மா" மூன்று மாதமாக என் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. என் ஆயுளில் பாதியை அந்த ஒரு சொல்லை எதிர்த்துத்தான் செலவழித்தேன்.

மூளை உடல் எடையில் இரண்டு விழுக்காடுதான். ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய இருபது விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. 1955இல் சோகொலாஃப், கெட்டி என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் தங்கள் குழுவோடு ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களைப் படுக்க வைத்து, முதலில் அமைதியாக இருக்கச் சொல்லி, பிறகு மனக்கணக்குப் போடச் சொல்லி, இரண்டு நிலையிலும் மூளை எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளந்தார்கள். மொத்தச் செலவு மாறவே இல்லை! பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்காருவாயே, அப்போது பின் பெஞ்சில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த குண்டுமணியின் மூளையும் உன் மூளைக்குச் சமமாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. கோபித்துக்கொள்ளாதே, அளந்து பார்த்த உண்மை இது.

அப்படியானால் சும்மா இருக்கும் மூளை எதற்கு அவ்வளவு செலவழிக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டாயில், கணக்கெழுதும் கிராணி என்ன செய்வார், நினைவிருக்கிறதா? வாளியின் எடையை மட்டும் நம்ப மாட்டார். மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். நான் செய்த வேலையும் ஏறக்குறைய அதுதான். சாதாரண எம்.ஆர்.ஐ. படம் மூளையில் உள்ள தண்ணீரின் குரலை வைத்து வரைவது. நாங்கள் தேடியதோ அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ரசாயனங்களை. தண்ணீரின் குரல் அவற்றின் குரலைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிது. அதை அடக்கினால்தான் மற்றவை காதில் விழும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷுல்மன் குழுவினர் இன்னொரு வழி கண்டார்கள். கரியில் ஒரு வகை உண்டு, கார்பன் 13. இயற்கையில் கிடைக்கும் கரியில் நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். கதிரியக்கம் கிடையாது, ஆனால் காந்தத்துக்குப் பதில் சொல்லும். அந்தக் கரியைப் பதித்த குளுக்கோஸை நரம்பில் ஏற்றிவிட்டு, அது மூளைக்குள் எதுவாக மாறுகிறது என்று தலையைத் திறக்காமலே பார்க்கலாம். நான் வேறு ஊரில், சிறிய கூடத்தில், அவர்கள் காட்டிய வழியில் நடந்தவள். முதல் முறை பார்த்த இரவு இப்போதும் கண்ணில் நிற்கிறது. திரையில் புல் மாதிரி வெறும் இரைச்சல். நிமிடங்கள் போகப் போக ஒரே இடத்தில் ஒரு முனை மட்டும் தலை தூக்கியது. குளூட்டமேட். ஒரு செல் இன்னொரு செல்லோடு பேசுவதற்குப் பயன்படுத்தும் பொருள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் குளூட்டமின் முனை. பேசி முடித்த குளூட்டமேட்டைத் துணைச் செல்கள் வாங்கி, குளூட்டமினாக மாற்றித் திருப்பிக் கொடுக்கின்றன. அதைத்தான் நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கூடத்தில் ஒருவரும் இல்லை.

1998இல் நிக்கோலா சிப்சனும் ஷுல்மன் குழுவினரும் எலிகளின் மூளையில் இந்தச் சுழற்சியின் வேகத்தையும் குளுக்கோஸ் செலவின் வேகத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாகக் கூடவே ஏறின. ஆழ்ந்த மயக்கத்தில் மூளையின் மின்னலைகள் அடங்கியபோது அந்தச் சுழற்சியும் ஏறக்குறைய நின்றுபோனது. அதாவது, விழித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் மூளை தன் செலவில் பெரும்பகுதியைச் செல்களுக்கிடையே நடக்கும் பேச்சுக்கே செலவழிக்கிறது. இதை நான் மேடையில் எத்தனையோ முறை சொன்னேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சில் இறங்கியது.

விடியற்காலை நான்கு மணிக்கு, ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அதே நேரத்துக்கு, அம்மா எழுந்து வீட்டு முன்நடையான அஞ்சடிக்கு வந்துவிடுகிறார். தூணருகே நின்று, முதலில் இடது கையால் எதையோ உரிக்கிறார். நேற்றைய கோட்டில் உறைந்த ஒட்டுப்பால். பிறகு வலது கை மேலிருந்து சரிவாக இறங்குகிறது, நிதானமாக, மரத்துக்குக் காயம் படாமல். கடைசியில் பால் பிடிக்கும் மங்கைத் திருப்பி வைக்கிறார். அடுத்த மரம். தோட்டம் முழுக்கச் செம்பனை ஆகி எத்தனை காலம் ஆயிற்று! அவர் வெட்டிய மர வரிசை, அந்த நிரை மட்டும் அவருக்கு அப்படியே இருக்கிறது.

ஸ்கேன் முடிவையும் சொல்லிவிடுகிறேன். நினைவுகளைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறது. அந்த மருத்துவப் பெண்ணுக்கு என்மீது மிகவும் மரியாதை. என்னிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். அவர் திரையைத் திருப்புவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். இந்த மறதி நோயில் மூளையின் சில பகுதிகள் குளுக்கோஸ் எடுப்பதும் குறைகிறது என்பது எனக்குத் தெரியாததா? ரசாயனங்களின் முனைகளைக் காட்டும் நிறமாலையையும் எடுத்துத் தாருங்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு வாங்கியிருந்தால் அந்த முனைகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி கூடுதலாக இறங்கியிருக்காது. இது சரியா தவறா என்று நீதான் சொல்ல வேண்டும். உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைக் கேட்பேன்?

ஒன்றை விட்டுவிட்டேன். வெளியே வந்ததும் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "உள்ளே ஆலை ஓடுகிறது. நான் நிரையில் போய்க்கொண்டிருந்தேன். முந்நூற்று எண்பது மரம் ஆயிற்று, அதற்குள் இழுத்துவிட்டார்கள்." அவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனை நாள் ஆயிற்று!

மூக்குத்தி இன்னும் போடவில்லை. துளை தூர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நாளை நகைக்கடைப் பத்தரை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன். நீ பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, நான்கு நாளாவது தங்கும்படி வா. விடியற்காலையில் என்னோடு அஞ்சடியில் உட்கார்ந்து பார்.

இன்று காலையும் தூணருகே நின்றார். நடுவில் கை நின்றுபோய், என் பக்கம் திரும்பி, "எத்தனையில் விட்டேன்?" என்று கேட்டார். "முந்நூற்று எண்பது" என்றேன். தலையசைத்துவிட்டு முந்நூற்று எண்பத்தொன்று என்று தொடங்கினார்.

இட்லிச் சட்டியை மறக்காமல் கொண்டு வா.

உன்,
சரசு