அலுமினியத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் வால்வு, பம்ப் பாகங்களை உருக்கில் வார்த்துத் தரும் சிறு ஃபவுண்டரிகளில் அடிக்கடி ஒரு புலம்பல் கேட்கிறது. எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் கார்பன், மாங்கனீஸ், கந்தகம் எல்லாம் வரம்புக்குள் இருக்கும். ஆனால் அதே உருக்கில் வார்த்த சோதனைக் கம்பியான டெஸ்ட் பாரை இழுத்துப் பார்த்தால், உடைவதற்கு முன் போதிய நீட்சி வராது. வாங்கும் பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஃபவுண்டரி ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பே கதி என்று இருந்தவன் நான். பல நேரங்களில் வினை, உருகிய உருக்கை ஏந்தும் லேடிலில் கடைசியாகப் போடும் அலுமினியத்தில்தான் இருக்கிறது.

உருகிய உருக்கில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கட்டாவிட்டால் வார்ப்படத்தில் துளை விழும். அதற்குத்தான் சிலிக்கனும் அலுமினியமும் போடுகிறோம். இது உருக்கும் வேலை பார்க்கும் எல்லா மெல்ட்டருக்கும் தெரியும். கந்தகம் எந்த உருவத்தில் உறைய வேண்டும் என்பதையும் அதே அலுமினியம் தீர்மானிக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் சிம்ஸ், டால் என்ற இருவர் 1930-களிலேயே இதை வகைப்படுத்திவிட்டார்கள். அலுமினியமே போடாமல் சிலிக்கனோடு நிறுத்தினால் சல்ஃபைடுகள் (கந்தகம் உலோகத்தோடு சேர்ந்த துகள்கள்) உருண்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். தாராளமாகப் போட்டால் மூலைகளோடு, ஆனால் தனித்தனியாக நிற்கும். அரைகுறையாகப் போட்டால்தான் ஆபத்து. ஆக்சிஜன் குறைந்துவிடுவதால் கந்தகம் கடைசிவரை உருகிய உலோகத்திலேயே தங்கி, கடைசியாக உறையும் இடமான படிக மணிகளின் எல்லையில் சங்கிலி சங்கிலியாகப் படிகிறது. உருக்கு அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஆகவே விலையைப் பார்த்து 'கொஞ்சம் குறைத்துப் போடு' என்று சொல்லும் முதலாளி, இருப்பதிலேயே மோசமான வகையைக் காசு கொடுத்து வாங்குகிறார். உறைந்த உருக்கில் 0.01 சதவீதம் அலுமினியம் என்பது ஆபத்தான பகுதி. 0.03 முதல் 0.05 வரை நின்றால் பொதுவாக நல்லது. வால்வு உருக்குக்கான டபிள்யூ.சி.பி. போன்ற தரக்குறியீடுகளில் அலுமினியத்துக்குக் கீழ்வரம்பே கிடையாது. அதனால் ரிப்போர்ட்டில் எல்லாமே 'ஓகே' என்றுதான் வரும்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. அளவான அலுமினியம் நைட்ரஜனோடு சேர்ந்து நுண்ணிய நைட்ரைடாகி, சூடாக்கிக் காற்றில் ஆறவிடும் நார்மலைசிங்கின்போது மணிகள் பருக்காமல் பிடித்துக்கொள்கிறது. நமக்கு அது நன்மை. கனமான, மெதுவாகக் குளிரும் வார்ப்படத்தில் அலுமினியமும் நைட்ரஜனும் மிகுந்தால் அதே நைட்ரைடு மணி எல்லைகளில் தகடு தகடாகப் படியும். அப்படிப்பட்ட வார்ப்படத்தை உடைத்தால் முகம் கற்கண்டுக் கட்டி போல, பெரிய பளபளக்கும் பட்டைகளாகத் தெரியும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

கால்சியம் சிலிசைடு சேர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது அலுமினாவையும் (அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்த துகள்) சல்ஃபைடையும் உருண்டையாக்க வல்லது, உண்மை. ஆனால் கால்சியம் 1484 டிகிரியிலேயே கொதித்துவிடும்; லேடிலில் இருப்பதோ 1600 டிகிரி. முதலில் அலுமினியத்தால் ஆக்சிஜனை அடக்காமல், மேலாகத் தூவிவிட்டால் புகையும் வெளிச்சமும்தான் மிச்சம்.

இவை எதையும் ஸ்பெக்ட்ரோ காட்டாது. அது கந்தகம் எவ்வளவு என்று சொல்லும். எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. பெரும்பாலான இடங்களில் இழுத்து உடைத்த டெஸ்ட் பார் நேராக ஸ்கிராப்பில் போய் விழுகிறது. அதிலிருந்து கட்டைவிரல் நகமளவு துண்டை வெட்டி பாலிஷ் செய்து, நைட்டல் (உள்ளமைப்பைக் காட்டும் அமிலக் கரைசல்) போடுவதற்கு முன்பே 100 மடங்கில் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் சல்ஃபைடுகள் வரிசை கட்டியிருந்தால் அந்த ஹீட்டின் (ஒரு தடவை உருக்கிய உருக்கின்) கதை விளங்கிவிடும். பிறகு நைட்டல் போட்டு உருக்கின் உள்ளமைப்பான ஃபெரைட், பெர்லைட்டைப் பார்க்கலாம்.

வாங்கும் நிறுவனங்கள் ஆர்டரிலேயே இப்படி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த மைக்ரோ ரிப்போர்ட் கேட்க வேண்டும். கேட்காதவரை பெரும்பாலோர் எடுக்கமாட்டார்கள். சொந்தமாக மைக்ரோஸ்கோப் வாங்க வசதியில்லாத பட்டறைகளுக்காகத் தொழில் சங்கங்கள் கணபதி, பீளமேடு பக்கம் பொது மெட்டலோகிராஃபி ஆய்வகம் ஒன்றை அமைத்து, காலையில் கொடுத்த துண்டுக்கு மாலைக்குள் படத்தோடு முடிவு தர வேண்டும். அடுத்த ஹீட் ஊற்றுவதற்கு முன் கையில் கிடைத்தால்தான் மெல்ட்டருக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபவுண்டரி ஆய்வக மேற்பார்வையாளர்,
கணபதி, கோவை.