104 போடுறீங்க, 181ம் சேத்துப் போடுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வில்லாபுரத்துல இருந்து எழுதுறேன். சின்னதா ஒரு டைலர் கடை வச்சிருக்கேன், எங்க தெரு மகளிர் குழுவுல கணக்கு எழுதுறதும் நான்தான். காலைல கடைய தொறந்ததும் மொத வேலையா உங்க பேப்பர முழுசா படிச்சிருவேன், வர்ற பொம்பளைங்களும் துணி அளவு குடுக்குற நேரத்துல ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துப் பாப்பாங்க. தற்கொலை நியூஸ் வந்தா கீழயே ஒரு கட்டம் கட்டி, மன உளைச்சல்னா 104க்கு கூப்பிடுங்கன்னு போடுறீங்கல்ல, ரொம்ப நல்ல பழக்கம், அத நிறுத்திராதீங்க. ஆனா குடும்பத் தகராறுல பொண்டாட்டிய வெட்டிட்டான், கூட வாழ வரமாட்டேன்னவள பஸ் ஸ்டாப்புல வச்சு குத்திட்டான்னு வருது பாருங்க, அதுக்குக் கீழ ஒண்ணுமே இருக்குறதில்ல. எந்த ஊரு, எத்தனை புள்ளைங்க, எங்கெங்க வெட்டு, நடத்தைல சந்தேகம், போலீஸ் விசாரணை, அதோட முடிஞ்சுபோச்சு. அதப் படிக்கிறவள்ல ஒருத்தி அன்னைக்கு ராத்திரி அதே மாதிரி ஒரு ஆளோட வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும், அவளுக்குன்னு அங்க 181ங்குற பெண்கள் உதவி நம்பர் இருக்க வேணாமா.

அந்த நியூஸெல்லாம் படிச்சா என்னமோ அன்னைக்கு சாயங்காலம்தான் அவனுக்கு கிறுக்குப் புடிச்ச மாதிரி தெரியும். அக்கம்பக்கத்துல விசாரிச்சா தெரியும், வருஷக்கணக்கா நடந்துட்டு இருந்திருக்கும். போன புடுங்கிப் பாக்குறது, வேலைக்குப் போற கடை வாசல்ல வந்து நிக்குறது, உரிமைத்தொகை 1000 ரூபா ஏறுற ஏடிஎம் கார்டையும் தானே வச்சுக்கிறது, என்னைய விட்டுப் போனா வெட்டிப் போட்ருவேன்னு குடிச்சுட்டு ஒருக்கா குடிக்காம ஒருக்கா சொல்றது. குடிச்சுட்டு சொல்றத நம்ம ஆளுங்க கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க, போதைல பேசுறான் விடு, காலைல சரியாயிருவான்னு போயிருவாங்க.

இதுல எது வெறும் வாய்ச்சவடால் எது நெசமான ஆபத்துன்னு ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அமெரிக்காவுல ஜாக்குலின் கேம்பெல்னு ஒரு அம்மா, நர்ஸா இருந்து பேராசிரியரானவங்க, 1980கள்லயே இதுக்குன்னு ஒரு கேள்விப் பட்டியல் தயார் பண்ணாங்க. கொன்னுருவேன்னு மிரட்டுறானா, வீட்டுல ஆயுதம் இருக்கா, அடி வரவர ஜாஸ்தியாகுதா, எந்நேரமும் சந்தேகமா, கர்ப்பமா இருக்கும்போது அடிச்சானா, கழுத்த நெரிச்சானா, இப்படிப் போகும். 2008ல அவங்க குழு எழுதுன ஆய்வுல, முன்னாடி ஒருதடவ கழுத்த நெரிக்கப்பட்ட பொண்ணு அதே ஆளு கையால சாகுறதுக்கான வாய்ப்பு 7 மடங்குக்கு மேலன்னு வந்துச்சு. அங்க துப்பாக்கி, இங்க அரிவாளு, அது ஒண்ணுதான் வித்தியாசம். கழுத்துக்கு எந்த நாடும் ஒண்ணுதான்.

எங்க குழுவுல நடந்தது ஒண்ணு சொல்றேன், பேரு வேணாம். நல்ல வெயில் காலம், மீட்டிங்குக்கு ஒரு பொண்ணு துப்பட்டாவ கழுத்தச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டு வந்து உக்காந்துருக்கா. கொரலே வரல, கரகரன்னு இருக்கு. டீ குடுத்தா ஒரு வாய் முழுங்கிட்டு தாடைக்குக் கீழ கைய வச்சு அமுக்குறா, மீதி டீ அப்படியே ஆறிப் போச்சு. கிட்டக்க போய்ப் பாத்தா கண்ணு வெள்ளைல பொடிப்பொடியா சிவப்புப் புள்ளி. என்னாத்தா இதுன்னா தூசி விழுந்துருச்சுங்குறா. வயசான அக்கா ஒருத்தவங்க எல்லாரையும் அங்கிட்டு அனுப்பிட்டு பக்கத்துல உக்காந்து மெதுவா கேட்டதுக்கு அவ சொன்ன பதில் என்ன தெரியுமா, "அடிக்கலக்கா, கழுத்துல கையத்தான் வச்சாரு." கண்ணு இருட்டிட்டு வந்து, சேலைலயே ஒண்ணுக்குப் போயிருக்கா, அவளப் பொறுத்தவரைக்கும் அது அடியில சேத்தி இல்ல, ஏன்னா மறுநாள் காட்டுறதுக்கு காயம் எதுவும் இல்ல.

காயம் இல்லேங்குறதுதான் இதுல பெரிய சிக்கல். கழுத்த நெரிச்சதுல பாதிப்பேருக்கு மேல வெளிய தடமே தெரியாது, ஆனா உள்ள இரத்தக்குழாய் கிழிஞ்சிருந்தா ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட ஸ்ட்ரோக் வரலாம். கொரல் மாறுறது, முழுங்கும்போது வலி, கண்ணுல சிவப்புப் புள்ளி, தன்னையறியாம சிறுநீர் போறது இதெல்லாம் கழுத்துக்குள்ள அடிபட்டதோட, இல்லேன்னா மூச்சோ ரத்தமோ தடைபட்டதோட அடையாளம். அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், போய் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லாம வீட்டுக்காரர் கழுத்த நெரிச்சார்னு வாயத் தொறந்து சொல்லி ஏ.ஆர்., அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல பதிவு, போட வைக்கணும். பின்னாடி கேஸ்னு வந்தா அந்த ஏ.ஆர். காப்பி எவ்வளவு உதவும்னு எந்த வக்கீலக் கேட்டாலும் சொல்வாங்க.

எங்க குழுப் பொண்ணு ஸ்டேஷனுக்குத்தான் மொத போனா. எந்த ஸ்டேஷன்னு நான் எழுதல. காயமே இல்லையேம்மான்னு கேட்டு, அவனையும் வரச்சொல்லி, நல்லா வஞ்சு, இனிமே கை நீட்ட மாட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு, ரெண்டு பேரையும் ஒரே வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்க. அவன் முன்னாடி உக்காந்து ஓட்டுறான், இவ பின்னாடி. புகார் வாங்குனதுக்கு அத்தாட்சியா குடுக்குற சிஎஸ்ஆர் ரசீதுகூட குடுக்கல. அவங்க கெட்ட எண்ணத்துல செஞ்சாங்கன்னு சொல்ல வரல, சேத்து வச்சா புண்ணியம்னு நம்ம ஊருல எல்லாருக்கும் ஒரு நெனப்பு, ஸ்டேஷனுக்கும் அதே நெனப்புதான். மகளிர் ஸ்டேஷன் 1992லயே நம்ம மாநிலத்துல ஆரம்பிச்சாச்சுன்னு பெருமையா பேசுறோம், அங்க போனாலும் அடிக்கிற கைதான் அணைக்கும்னு கேக்கணும்னா எதுக்கு. மூச்ச நிறுத்துனவன் மேல கொலை முயற்சி செக்ஷன் போட முடியுமான்னு யோசிக்கணும், புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு எழுதி வாங்குற பேப்பர் இதுக்குப் பத்தாது.

இன்னொன்னு, எல்லாரும் கேக்குற கேள்வி. இவ்ளோ அடிச்சும் ஏன் இவ கெளம்பி வரலன்னு. உங்க பேப்பர்லயே பழைய நியூஸெல்லாம் எடுத்துப் பாருங்க ஐயா, எத்தனை நியூஸ்ல பிரிஞ்சு வாழ்ந்த மனைவி, பொறந்த வீட்டுல இருந்தவ, விவாகரத்து கேஸுக்கு வந்தவன்னு போட்டிருக்கும். கெளம்புற நேரமும் கெளம்பின கொஞ்ச மாசமும்தான் ரொம்ப ஆபத்தானதுன்னு ஆய்வும் சொல்லுது, அதுவும் தன் பேச்சை மீறக்கூடாதுங்குற ஆளா இருந்தா இன்னும் மோசம். அதனால கோவத்துல நான் போறேன் போன்னு வாசல்ல நின்னு கத்திட்டுப் போகாம, சத்தமில்லாம ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போகணும். ஆதார், ரேஷன் கார்டு, புள்ளைங்க சர்டிபிகேட், பேங்க் புக்கு, மருந்துச் சீட்டு எல்லாம் காப்பி எடுத்து நம்புற ஒருத்தர் வீட்டுல முன்கூட்டியே போட்டு வைக்கணும். டவுன் பஸ்ல பொம்பளைங்கள காசு வாங்காம ஏத்துறது அரசாங்கத்துக்கு வீண்செலவுன்னு பேசுறவங்க இருக்காங்க, கையில பத்து ரூபா இல்லாதவ பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து சேர்றதுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு அவங்களுக்குத் தெரியாது.

இந்த நேரத்துல பெரியவங்க பண்றதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தாய்மாமன், சித்தப்பா, ஊர்ப் பெரியவர் எல்லாம் உக்காந்து நாள் குறிச்சு, கோயில்ல வச்சுப் பேசி முடிப்போம்பாங்க. அவ எந்த எடத்துக்கு எத்தனை மணிக்கு வருவான்னு அவனுக்கு அட்ரஸ் எழுதிக் குடுக்குற மாதிரி. பேசித்தான் ஆகணும்னா அவள வீட்டுல இருக்க வச்சுட்டு நீங்க போய்ப் பேசுங்க, என்ன கொறஞ்சு போயிருச்சு. உங்க வீட்டுல மதுரையா சிதம்பரமான்னு கேலி பேசுறதுக்கு மட்டும்தான் மீனாட்சி ஆட்சி போல.

சட்டம்னாலே புருஷன ஜெயிலுக்கு அனுப்புறதுன்னு ஒரு பயம் இருக்கு, புள்ளைங்களுக்கு அப்பன் இல்லாமப் போயிருமேன்னு பாதிப்பேரு வாயே தொறக்க மாட்டாங்க. இன்னொரு பக்கம் பொம்பளைங்க பொய்க் கேஸ் போடுறாங்கன்னு பேச்சு. ரெண்டு கூட்டத்துக்கும் தெரியாதது 2005 குடும்ப வன்முறைச் சட்டம். புருஷனோ அவன் வீட்டாரோ கொடுமை பண்ணா போடுற பழைய 498ஏ வேற, அது இப்போ பாரதிய நியாய சன்ஹிதாங்குற புது தண்டனைச் சட்டத்துல 85வது பிரிவு, கிரிமினல். 2005 சட்டம் மொதல்ல யாரையும் உள்ள தள்ளாது. மாஜிஸ்திரேட்டுகிட்ட மனு போட்டா, அவள அடிக்கக்கூடாது, வேலை பாக்குற எடத்துக்குப் போகக்கூடாது, போன் பண்ணக்கூடாதுன்னு பாதுகாப்பு உத்தரவு போடலாம், வீடு யார் பேர்ல இருந்தாலும் அவள வெளிய தள்ளக்கூடாதுன்னு உத்தரவு போடலாம், அவசரம்னா அவன் வர்றதுக்கு முன்னாடியே இடைக்கால உத்தரவும் உண்டு. அத மீறுனாதான் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். தாலி கட்டாம கணவன் மனைவி மாதிரி சேந்து வாழ்றவங்களுக்கும் இது பொருந்தும். 3 நாள்ல மொத வாய்தா, 60 நாள்ல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடப்புல எத்தனை மாசம் இழுக்குதுன்னு கோர்ட்டு வாசல்ல நிக்குறவங்களக் கேட்டாத் தெரியும், அதையும் உங்க நிருபர் ஒருத்தர விட்டு எழுதலாம். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டியதில்ல, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கணும்.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல நம்ம தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்கள்ல 38 சதவீதம் பேரு புருஷன் கையால வன்முறைய அனுபவிச்சதா சொல்லிருக்காங்க, இந்தியா முழுக்க எடுத்தா 29தான். படிப்பு, வேலைவாய்ப்புன்னு எல்லாத்துலயும் முன்னாடி நிக்குற மாநிலம்னு மேடைக்கு மேடை பேசுறோம். அதே கணக்கெடுப்புல நாடு முழுக்க அடி வாங்குனவங்கள்ல 77 சதவீதம் பேரு யார்ட்டயும் உதவி கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல.

அதுக்குத்தான் பேப்பர்ல நம்பர் வேணும்ங்குறேன். போன்ல தேடுனா அவன் எடுத்துப் பாப்பான், அதுக்கும் சேத்து அடி விழும். பேப்பர்னா வீட்டுல சும்மா கெடக்கும், யாருக்கும் சந்தேகம் வராது, எங்க கடைலயும் கெடக்கும், பஜ்ஜி மடிச்ச பேப்பர்ல கூட ஒருத்தி கண்ணுல படலாம். கட்டத்துல இவ்வளவு இருந்தாப் போதும்: பெண்கள் உதவிக்கு 181, அந்த நிமிஷமே ஆபத்துன்னா 112, இலவச சட்ட உதவிக்கு 15100. 181ல பேசுனா மாவட்டத்துல இருக்குற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பி வைப்பாங்க, அங்க சில நாள் தங்கவும் எடம் உண்டு. அக்கம்பக்கத்து போன்ல கூப்பிடுங்க, கழுத்த நெரிச்சிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ரெண்டு வரி கூட சேத்துக்கோங்க.

லெட்டர் நீளமாயிருச்சு, வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும். எத வேணா வெட்டுங்க, அந்த மூணு நம்பர மட்டும் எடுத்துறாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை.