மாலைக் காற்றுக்கு வழிவிடட்டும் மாணவர் பேரவைக் கட்டடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி வளாகத்தில் மாணவர் பேரவைக்கும் மன்றங்களுக்கும் தனிக் கட்டடம் எழுப்ப நினைக்கும் நிர்வாகங்கள், அது ‘பசுமைக் கட்டடமாக’ இருக்க வேண்டும் என்று இப்போது தவறாமல் சொல்கின்றன. ஆனால் நடைமுறையில், கண்ணாடி முகப்பும் மையக் குளிர்சாதனமும் கொண்ட வழக்கமான வரைபடம் முடிவான பிறகு மொட்டைமாடியில் சூரிய மின்தகடுகளையும் வாசலில் ஒரு சான்றிதழ்ப் பலகையையும் சேர்ப்பதோடு அந்தப் பசுமை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கட்டடத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், சென்னைக்கு ஏற்ற பேரவைக் கட்டடம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பேரவைக் கட்டடம் வகுப்பறையோ ஆய்வுக்கூடமோ அன்று. நாடக ஒத்திகை, மன்றக் கூட்டம், பட்டிமன்றப் பயிற்சி, கலைவிழா ஏற்பாடு எல்லாம் வகுப்புகள் முடிந்த பிறகே நடக்கின்றன. எனவே பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அந்தக் கட்டடம் நிரம்பும். கோடையில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் பெரும்பாலான நாள்களில் நண்பகலுக்கும் பிற்பகலுக்கும் இடையில்தான் சென்னைக்குள் நுழைகிறது. ஆட்கள் கூடும் நேரமும் காற்று வரும் நேரமும் இவ்வளவு பொருந்திப்போகும் கட்டட வகை வேறு அதிகம் இல்லை. கடற்காற்று தாமதிக்கும் மே மாத நாள்கள் எப்படிப்பட்டவை என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் அந்நாள்களில் பெரும்பாலான கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும்.

ஆகவே, தென்கிழக்கைப் பார்த்துத் திறந்த தாழ்வாரங்களும், காற்று உள்ளே வந்து எதிர்ப்புறமாக வெளியேறும் அளவுக்கு அகலம் குறைந்த அறைகளும், வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற உயரத்தில் திறப்புகளும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். ஒலிப்பதிவு அறை, கணினி அறை போன்ற இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் ஏ.சி. போதும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் மின்சாரம் எடுக்கும்; இன்று கிடைக்கும் சிக்கனமான மின்விசிறி 30 வாட் அளவிலேயே சுழல்கிறது. அதாவது ஒரு ஏ.சி.க்கு ஆகும் மின்சாரத்தில் ஐம்பது மின்விசிறிகளை ஓட்டலாம்.

வெயிலைப் பொறுத்தவரை, வேறு ஊர்களுக்காக வரைந்த மாதிரிகளை இங்கே பின்பற்றும்போது ஒரு செய்தி விடுபட்டுப்போகிறது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. வட இந்திய நகரங்களில் வடக்குச் சுவரில் பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்தாலும் நண்பகல் வெயிலைப் பற்றிக் கவலையில்லை. இங்கே அதற்கும் சன்ஷேடு தேவை. மேற்குச் சுவரை ஒட்டிப் படிக்கட்டு, கழிப்பறை, சாமான் அறை ஆகியவற்றை வைத்துவிட்டால் மாலை வெயிலின் சூட்டை அவை தாங்கிக்கொள்ளும். கூரைக்குச் சுருக்கியும் (செங்கல் தூள், சுண்ணாம்புக் கலவை) தட்டையான சுட்ட ஓடும் பதித்து மேலே வெள்ளை பூசும் நம் ஊர் வழக்கத்துக்கு மேலான புதுமை எதையும் நான் பார்த்ததில்லை. சேப்பாக்கத்தில் ராபர்ட் சிஷோம் வடிவமைப்பில் 1879இல் கட்டிமுடிக்கப்பட்ட, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையின் தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் சொல்லும் பாடமும் இதுவே. (அதன் குவிமாடங்களைச் சிமென்டில் நகலெடுத்து ஒட்டுவது அந்தப் பாடத்தைப் படித்ததாக ஆகாது.)

சூரிய மின்தகடுகளை நான் எதிர்க்கவில்லை. அவை அதிகமாக மின்சாரம் தருவது நண்பகலில். பேரவைக்கு விளக்கு வேண்டியது மாலையில். எனவே அவற்றைப் பேரவைக் கட்டடத்தின் தனிக் கணக்காகக் காட்டாமல், பகலில் இயங்கும் ஆய்வுக்கூடங்களும் பயன்படுத்தும்படி வளாகம் முழுவதற்குமான திட்டமாக அமைப்பதே பொருத்தம்.

தண்ணீரில் கணக்கு இன்னும் தெளிவானது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரையில் விழுவது ஏறத்தாழ 14 லட்சம் லிட்டர். ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாள்களிலேயே கொட்டிவிடுகிறது என்பதால், எந்தச் சம்ப்பும் முழுவதையும் தேக்கிவைக்க முடியாது. மிஞ்சுவதை நிலத்துக்குள் இறக்கும் கிணறு வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இருந்தும் பல வளாகங்களில் வடிகட்டித் தொட்டியின் மணலும் ஜல்லியும் தூர்ந்து, குழாய் வெறும் அடையாளமாக நிற்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நகரம் இது. அதே நகரம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கியது. ஆகவே பேஸ்மட்ட உயரத்தை, அதாவது தரைத்தளம் தொடங்கும் உயரத்தை, இன்றைய சாலை மட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; மின் பலகையையும் ஜெனரேட்டரையும் நிலத்தடித் தளத்தில் வைக்கவே கூடாது. வெள்ளக் காலத்தில் மாணவர்கள் திரண்டு நிவாரணப் பொருள் பிரிப்பதும் சமைத்து அனுப்புவதும் நாம் கண்டதுதான். அந்த வேலைக்கும் பேரவைக் கூடமே இடம் தர வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: புதிய கட்டடம் தேவைதானா? உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு சிமென்ட் உற்பத்தியைச் சேர்ந்தது என்கிறபோது, வளாகத்தில் பூட்டிக்கிடக்கும் பழைய விடுதியையோ நூலகத் தொகுதியையோ செப்பனிட்டுப் பயன்படுத்துவது எந்தச் சான்றிதழையும்விடச் சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும். புதிதாகத்தான் கட்ட வேண்டுமென்றால், நிற்கும் வேம்பையும் புங்கையையும் தூங்குமூஞ்சியையும் முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு, மீதியுள்ள இடத்தில் கட்டடத்தைப் பொருத்த வேண்டும். 2016 வர்தா புயலில் இழந்த நிழலே இன்னும் பல தெருக்களுக்குத் திரும்பவில்லை.

இவற்றை யார் முடிவு செய்வது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுகின்றன. மாணவர் தேர்தல்களை நெறிப்படுத்த 2006இல் அறிக்கை அளித்த லிங்டோ குழு, தேர்தலை ஆண்டுதோறும் நடத்தப் பரிந்துரைத்தது. கட்டடத்துக்கோ இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். கோரிக்கை வைத்த பேரவைத் தலைவர் திறப்புவிழாவுக்குப் பழைய மாணவராகத்தான் வருவார். எனவே முதலாம் ஆண்டு மாணவர்களையும், விடுதி மாணவர்களையும், கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கப்போகும் பணியாளர்களையும் சேர்த்து ஒரு நிலையான குழு அமைக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2015இல் திறக்கப்பட்ட மாணவர் சங்கக் கட்டடத்துக்கு, மாணவர்களே வாக்கெடுப்பு நடத்திச் செலவின் பெரும்பகுதியை ஏற்றார்கள். நம் மாணவர்களிடம் பணம் கேட்க வேண்டாம், வரைபடத்தையாவது காட்டலாம்.

நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு ஒரு மாதம் முன்பாக வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மாணவர்களின் கருத்துகளை எழுத்தில் பெறுங்கள். கட்டடம் திறந்த பிறகு அதற்கெனத் தனி மின் அளவியும் தண்ணீர் அளவியும் பொருத்தி, மின் கட்டணத்தையும் லாரித் தண்ணீர்ச் செலவையும் மாதந்தோறும் அதே பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
மயிலாப்பூர், சென்னை.