அம்மிணிக்கு அப்பா எழுதறது

கண்ணு, நேத்து போன்ல காய்ச்சலா இருந்துச்சுப்பா, ஊர்ல இருந்து கொண்டாந்த ஆன்டிபயாடிக் ரெண்டு போட்டேன் இப்ப பரவால்லன்னு சொன்ன பாரு, அப்ப இருந்து எனக்கு தூக்கமே இல்ல, போன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு வெச்சுருவ, அதான் எழுதறேன்.

நானும் அதேதான் பண்ணேன். செவலை மாடு எட்டாம் மாசம் கன்னு வீசுச்சே, குறைமாசத்துலயே கன்னு விழுந்துருச்சே, இளங்கொடி விழுகலைன்னு நாந்தான் வெறுங்கையில எடுத்தேன், கையில முள்ளு கிழிச்ச காயம் வேற. ஒரு மாசம் கழிச்சு சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி பனியன பிழியற மாதிரி வேர்வை, இடுப்பு வலி. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கி போட்டா நாலு நாள் நிக்கும், மறுபடி வரும். டைபாய்டுன்னாங்க, டிபியான்னு பாத்தாங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சப்பறம் எக்கோ, அதான் நெஞ்சு ஸ்கேன், எடுத்துத்தான் இருதயத்துல அயோர்ட்டிக் வால்வுல கிருமி ஒட்டி வளந்துட்டிருக்குன்னு தெரிஞ்சுது, ஆனா என்ன கிருமின்னு தெரியல, பிளட் கல்ச்சர்ல, அதான் ரத்தத்த லேபுல வெச்சு கிருமி வளருதான்னு பாக்கறதுல, ஒன்னுமே வளரல. நான் முழுங்குன அரைகுறை மாத்திரை கிருமிய கொல்லவும் இல்ல, கல்ச்சர்ல மாட்டவும் விடல.

அப்பறம் ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து வீட்ல மாடு இருக்குதா, கன்னு வீசுச்சான்னு கேட்டாரு பாரு, அந்த ஒரு கேள்விதான் கண்ணு என்னைய காப்பாத்துச்சு. புருசெல்லாவாம். 1887ல மால்டா தீவுல டேவிட் புரூஸ்னு ஒரு ராணுவ டாக்டர் கண்டுபிடிச்ச கிருமி, நம்ம ஊர்ல கன்னு வீச்சு நோய்ங்கறமே அதேதான். மெதுவா வளருமாம், சந்தேகம் இருந்தா லேபுக்கு முன்கூட்டியே சொல்லோணுமாம். இதுல சாவு ரொம்ப கம்மி, ஆனா சாகறவங்க பெரும்பாலும் வால்வு கெட்டுத்தான் சாகறாங்கன்னு அவரு சொன்னப்ப உங்கம்மா மூஞ்சிய பாக்க முடியல. வால்வ மாத்துனாங்க, மாசக்கணக்குல டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும்னு ஆன்டிபயாடிக் மாத்திரை, ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போகும். இப்பவும் ராத்திரி நெஞ்சுக்குள்ள டிக்டிக்னு கேக்குது, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆயுசுக்கும்.

இதெல்லாம் உனக்கு தெரியும். தெரியாதது ஒன்னு, என் வால்வுல பொறவுலயே மூணு இதழுக்கு ரெண்டுதான். அந்த மாதிரி வால்வுலதான் கிருமி சுலபமா ஒட்டுமாம். பெத்த புள்ளைங்களுக்கும் கிட்டத்தட்ட பத்துல ஒருத்தருக்கு அப்படி இருக்கலாம், எக்கோ எடுத்து பாத்துருங்கன்னு அன்னைக்கே சொன்னாங்க. உன் கல்யாண நேரம், பயப்படுவியேன்னு மறைச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்.

அதனால மொதல்ல எக்கோ. காய்ச்சல் திரும்ப வந்தா அந்த ஆன்டிபயாடிக் மாத்திரைய தொடாத, மொதல்ல கல்ச்சருக்கு ரத்தம் குடுத்துரு, வேற வேற எடத்துல மூணு தடவை எடுப்பாங்க, அப்பறம் டாக்டர் சொல்ற மருந்து. கனடா டாக்டருக்கு நம்ம தொழுவம் தெரியாதுல்ல, பொங்கலுக்கு வந்தப்ப மாட்டோட இருந்தேன், காய்ச்சாத பால் குடிச்சேன்னு நீயே சொல்லு. உன் பூனையப் பத்தியும் சொல்லு, பூனை தெள்ளுல இருந்து வர பார்டோனெல்லான்னு ஒரு கிருமியும் வால்வுல உக்காருமாம், அதுவும் சாதாரண கல்ச்சர்ல லேசுல சிக்காதாம்.

இங்க ரெண்டு கிடேரிக்கும் கன்னு வீச்சு ஊசி போட்டாச்சு, 4 மாசத்துல இருந்து 8 மாசத்துக்குள்ள போடோணும், ஒரே தடவைதான். பால காய்ச்சாம யாரும் வாயில வெக்கறதில்ல.

எக்கோ எடுத்த அன்னைக்கே ரிப்போர்ட்ட வாட்ஸப்ல அனுப்பு, எந்நேரமானாலும் முழிச்சிருப்பேன்.

அப்பா