65 ரோஜாக் கன்றுகளுக்கு ஒரு நன்றி மடல்

குன்னூர், வெலிங்டன், கேத்தி, கோத்தகிரி என்று மலை முழுக்க இருக்கும் அண்ணன்மார், அக்காமார், மாமா, அத்தை எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு இருக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயின் ஆராய்ச்சிக்காக நீங்கள் கொடுத்த பணம் போன வாரம் மரபணு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மொத்தம் 1,84,350 ரூபாய். ரசீது நகலை மார்க்கெட்டில் வர்க்கி போடும் பேக்கரியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம். வந்து பாருங்கள், அப்படியே நாலு வர்க்கியும் வாங்குங்கள், ஒரு நாள் விற்பனையை அப்படியே எடுத்துக் கொடுத்த கடை அது.

முதல் நன்றி மேட்டுப்பாளையத்தில் பார்த்த ஒரு டாக்டரம்மாவுக்கு. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மே மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கீழே இறங்கியிருந்தோம். அந்த வெயிலில் இரண்டரை வயது மகள் துவண்டு மயங்கிவிட்டாள். டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "பாப்பாவுக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்குமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி, பிள்ளை நெத்தி இப்படிக் கரிக்குது" என்று என் மாமியார் எப்போதோ சொல்லியிருந்தார். நாங்கள் சிரித்துவிட்டோம். நம் குளிரில் குழந்தை எங்கே வியர்க்கப் போகிறாள், யார் அதைக் கவனிக்கப் போகிறார்கள்?

அப்புறம் வியர்வைப் பரிசோதனை. முன்கையில் ஒரு மருந்து வைத்து, லேசாக மின்சாரம் விட்டு, சுரக்கும் வியர்வையில் குளோரைடை அளக்கிறார்கள். 60-ஐத் தொட்டாலே நோய் என்று அர்த்தம்; மகளுக்கு 60-ஐத் தாண்டியிருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உடலின் சுரப்புகளில் உப்பும் நீரும் சரியாகப் போய்வராததால் சளி பிசினாகி நுரையீரலை அடைக்கிறது. கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் காசநோய் என்று எட்டு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய்.

இந்த நோயின் உப்புக் கதையே வெயிலில்தான் தொடங்கியதாம். 1948-ல் நியூயார்க்கில் கொளுத்திய வெயிலில் நீர்வற்றி வந்த குழந்தைகளைக் கவனித்த டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர், பிறகு 1953-ல் இவர்கள் வியர்வையில் உப்பு மிகுதி என்று சகாக்களோடு எழுதினார். இதைப் படித்த அன்று எனக்கு மேட்டுப்பாளையம்தான் கண்ணில் வந்தது.

டீக்கடையில் ஒரு மாமா கேட்டார், "பாப்பா வைத்தியத்துக்கே வைத்துக்கொள்ளலாமே, எதுக்கு ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீங்க?" நியாயமான கேள்வி. அன்று எனக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன் மாமா. 2019-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு வந்த டிரைகாஃப்டா என்ற மாத்திரைக்கு அப்போது வைத்த விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். நாள் கணக்கில் நம் காசுக்கு அறுபதாயிரத்தைத் தாண்டும். நாம் எல்லோரும் சேர்த்தது மூன்று நாள் மாத்திரை.

சரி, விலை குறைந்தாலும் இன்னொரு சிக்கல். இந்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு மாற்றம், எஃப்508டெல், மேலைநாட்டு நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இருக்கிறது. மருந்தும் சோதனையும் பெரும்பாலும் அதைச் சுற்றியே வளர்ந்தவை. நம் நாட்டுக் குழந்தைகளிடம் அது அவ்வளவாக இல்லை, வேறு வேறு மாற்றங்கள். எந்த மாற்றம் என்று தெரியாமல் எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. அம்மா, அப்பா இருவர் வழியாகவும் வரும் நோய் இது; என் மகளுக்கு என் வழியாக வந்த மாற்றம் எது என்று தெரிந்துவிட்டது. அவள் அப்பா வழியாக வந்தது இன்னும் பிடிபடவில்லை. அவளைப் போன்ற நம் பக்கத்துப் பிள்ளைகளின் மரபணுவை முழுதாகப் படிக்கத்தான் உங்கள் பணம்.

அமெரிக்காவிலும் 1955-ல் பெற்றோர்கள் சேர்ந்துதான் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அவர்கள் திரட்டிய பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில்தான் 2012-ல் மூலக் கோளாறையே சரிசெய்யும் முதல் மாத்திரை வந்தது. பெற்றோர் காசில் முளைத்த மருந்து பெற்றோருக்கே எட்டாத விலையில் நிற்பது எனக்கு உறுத்துகிறது. அது வேறு வழக்கு.

அங்கே ஒரு சின்னப் பையனுக்கு நோயின் பெயர் "சிக்ஸ்டி ஃபைவ் ரோஸஸ்" என்று காதில் விழுந்ததாம். இதை நான் சொல்லி வாய் மூடுவதற்குள், நர்சரி வைத்திருக்கும் அண்ணன் 65 ரோஜாக் கன்றுகளைக் கவரோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டியில் மழையில் நனைந்தபடி அவற்றை விற்ற கல்லூரித் தம்பிகளே, உங்களை எப்படி மறப்பேன்! ஒரு நாள் பச்சைத் தேயிலைக் காசை அப்படியே கொடுத்த அக்காமாருக்கு என்ன சொல்வது? விலை விழுந்து கிடக்கும் நேரம்.

காற்றடித்துக் கரண்ட் போகும் இரவுகளில் நெபுலைசர் போட இன்வெர்ட்டர் உள்ள வீட்டைத் திறந்துவிடும் எதிர்வீட்டு அத்தை தன் பெயர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். எழுதவில்லை அத்தை.

கடைசியாக ஒன்று. எவர்சில்வர் தூக்கில் சில்லறை நிரப்பி, யாரென்று சொல்லாமல் வாசலில் வைத்துப் போனவருக்கு: உள்ளே 1,126 ரூபாய் இருந்தது. தூக்கைக் கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.