அந்தத் தாயின் ஓட்டம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள், வாய் ஓய்வதே இல்லை.

அப்புறம், 'அரசாங்கம் சொல்லி எடுத்த படமாகவே இருக்கட்டும், பெற்றவர்களின் பாசம் உண்மையாக இருந்தால் படம் நிற்காதா?' என்று கேட்டிருந்தாய். ஒரு வாரமாக அதே யோசனைதான். அதற்காகவே ஜப்பானிய இயக்குநர் கெய்சுகே கினோஷிதா 1944-இல் எடுத்த 'ராணுவம்' படத்தை மறுபடி பார்த்தேன்.

ஜப்பானில் 1939-இல் திரைப்படச் சட்டம் வந்த பிறகு, கதையை முன்கூட்டியே அரசிடம் காட்டி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். இதுவோ ராணுவ அமைச்சகத்தின் ஆதரவோடு எடுத்த படம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அதில் ஒரு பயந்த பையன், பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கத் தயங்கி நிற்கிறான். எவ்வளவு நல்ல கரு! ஆனால் அப்பா வாயைத் திறந்தால் பேரரசர், கடமை, நாடு. நண்பரோடு சண்டை போடுகிறார். எதற்கு? மங்கோலியர் படையெடுத்தபோது தெய்வக் காற்று (அவர்களின் கப்பல்களைச் சிதறடித்த புயலுக்கு ஜப்பானியர் வைத்த பெயர்) வீசாமல் போயிருந்தால் ஜப்பான் தோற்றிருக்குமா என்பதற்கு! அப்பாவாக நடித்த சிஷு ரியு எப்பேர்ப்பட்ட நடிகர். அவர் முகத்தில் ஒரு தகப்பனைத் தேடினேன், சுவரொட்டி வாசகம்தான் தெரிந்தது. நாட்டுப்பற்று உள்ள அப்பா இருக்கட்டும், தப்பே இல்லை. மகன் திரும்பி வருவானா என்று ஒரு நொடி கலங்கக்கூட அவருக்கு அனுமதி இல்லையே, அதுதான் என்னை வருத்துகிறது. வீட்டில் யாரும் தடுமாறக் கூடாது என்று வெளியே இருந்து உத்தரவு வந்த பிறகு அங்கே என்ன கதை மிஞ்சும்?

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். வளர்ந்துவிட்ட அந்தப் பையன் போருக்குப் புறப்படுகிறான். வழியனுப்பப் போனால் அழுதுவிடுவோம் என்று அம்மா வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அம்மாவாக நடித்தவர் கினுயோ தனாகா. படைவீரர்களுக்கான பேரரசரின் கட்டளைகளைத் தனக்குள் முணுமுணுக்கிறாள். எங்கோ ஊதுகொம்பு கேட்கிறது. அவ்வளவுதான், தெருவில் இறங்கி ஓடுகிறாள். அணிவகுப்பில் மகனைக் கண்டுபிடித்து அவன் பக்கத்திலேயே ஓடுகிறாள். வசனமே கிடையாது என்று சொல்லலாம். கூட்டம் இடிக்கிறது, விழுகிறாள், எழுந்து கைகூப்பி நிற்கிறாள். படை போய்க்கொண்டே இருக்கிறது.

ராணுவத்துக்குக் கடும் கோபம். போர் முடியும்வரை கினோஷிதாவால் வேறு படம் எடுக்க முடியவில்லை. அடுத்த படம் 1946-இல்தான் வந்தது. ஒரு தாய் அழுததற்கு!

உன் கேள்விக்கு இதுதான் என் பதில், சேது. பாசம் நின்றது, ஆனால் உத்தரவை மீறிய அந்தச் சில நிமிடங்களில் மட்டும். அதற்கு முன்னால் போன ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தை அது காப்பாற்றவில்லை. அந்த அப்பா கடைசிவரை எனக்கு அந்நியராகவே இருந்துவிட்டார்.

கண் தெளிந்ததும் நீயும் பார். கைகூப்பி நிற்கும் அந்த நேரத்தில் அவள் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று உனக்குத் தோன்றுவதை எழுது.

அன்புடன்,
ரகு